சார்ட் டைட்டில் செல்லைப் பார்த்துத் தானாக மாற வேண்டும் (எக்செல், கோயில் கணக்கு)

சாட்ஸ்வர்த்_பொருளாளர்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கோயிலின் மாதச் செலவுக் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கிறேன். மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், பூ, அன்னதானம், அர்ச்சகர் சம்பளம், பந்தல் வாடகை என்று தலைப்பு வாரியாக ஒரு பார் சார்ட். பி2 செல்லில் ஒரு டிராப்டவுன் உண்டு. அதில் மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் கீழே உள்ள எண்கள் மாறும், சார்ட்டும் மாறும். டைட்டில் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் கிளிக் செய்து, பழைய மாதத்தை அழித்து, புதிதாகத் தட்டுகிறேன்.

ஒரு சார்ட் என்றால் பரவாயில்லை. செலவு, காணிக்கை, மண்டப வாடகை, ஆடி மாதக் கூழ் வழிபாட்டுக்கு வந்த நன்கொடை என்று ஒரே ஃபைலில் வரிசையாக இருக்கின்றன. கமிட்டிக் கூட்டத்தில் பெரியவர்கள் முதலில் பார்ப்பது டைட்டிலைத்தான். மாதம் தவறாக இருந்தால் கீழே இருக்கும் கணக்கையும் நம்ப மாட்டார்கள், அதில் தப்பே இல்லை.

டைட்டிலுக்குள்ளேயே ஃபார்முலா எழுத முடியுமா? பி2 மாறினால் அதுவும் மாற வேண்டும்.

டொங்காட்_கணக்கர்

வணக்கம் அம்மா. டைட்டிலுக்குள் ஃபார்முலா எழுத முடியாது. ஆனால் "இந்த செல்லில் இருப்பதைக் காட்டு" என்று டைட்டிலுக்குச் சொல்லலாம். அதனால் ஃபார்முலாவை ஒரு செல்லில் எழுதுங்கள், டைட்டில் அந்த செல்லைப் பார்க்கட்டும்.

முதலில் சார்ட் மறைக்காத ஓர் இடத்தில், பி1 என்று வைத்துக்கொள்வோம், டைட்டில் எப்படி வர வேண்டுமோ அப்படியே ஃபார்முலாவாக எழுதுங்கள்:

="கோயில் செலவு – "&பி2

(இங்கே எல்லாம் தமிழ் எழுத்தில் தட்டுகிறேன். செல் பெயர், ஃபங்ஷன் பெயர் எல்லாம் உங்கள் ஷீட்டில் ஆங்கில எழுத்தில் வர வேண்டும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் தமிழ் அப்படியே இருக்கலாம்.)

அப்புறம் சார்ட்டின் டைட்டிலை ஒரே ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். டைட்டிலைச் சுற்றிக் கட்டம் வரும். எழுத்துக்கு நடுவில் கர்சர் மின்னக் கூடாது. மின்னினால் எஸ்கேப் தட்டி, டைட்டிலின் ஓரத்தைக் கிளிக் செய்யுங்கள். கட்டம் மட்டும் இருக்கும்போது மேலே உள்ள ஃபார்முலா பாரில் கிளிக் செய்து சமக்குறி போடுங்கள், பி1 செல்லைக் கிளிக் செய்யுங்கள், என்டர். பாரில் =செலவு!$பி$1 என்று நிற்கும். வேலை முடிந்தது.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது கர்சர் விஷயத்தில்தான். கர்சர் உள்ளே இருக்கும்போது =பி1 என்று தட்டினால் எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு, டைட்டிலில் "=பி1" என்றே காட்டும். இன்னொன்று: கையால் தட்டுவதானால் ஷீட் பெயரும் சேர்த்துத் தட்ட வேண்டும். சார்ட்டும் செல்லும் ஒரே ஷீட்டில் இருந்தாலும் வெறும் =பி1 எடுக்காது. செல்லைக் கிளிக் செய்தால் ஷீட் பெயர் தானாக வந்துவிடும், அதனால் அதுவே நல்லது.

லெனேசியா_கடை

ஒரே ஒரு சீரிஸ் (ஒரு வரிசை எண்கள்) உள்ள சார்ட் என்றால் இதுகூட வேண்டாம் அக்கா. அந்த எண்கள் இருக்கும் நெடுவரிசையின் தலைப்பு செல்லில் என்ன இருக்கிறதோ அதையே எக்செல் டைட்டிலாகப் போடும். தலைப்பு செல்லில் ஃபார்முலா வைத்தால் டைட்டிலும் கூடவே மாறும்.

டொங்காட்_கணக்கர்

உண்மைதான் தம்பி. ஆனால் யாராவது டைட்டிலில் ஒரு எழுத்தைக் கையால் மாற்றிவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். இரண்டாவது சீரிஸ் சேர்த்தாலும் அந்த வழி கைகொடுக்காது. பலர் கை வைக்கும் கோயில் ஃபைலுக்கு, பாரில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செல்லோடு இணைப்பதையே நான் சொல்வேன். சந்தேகம் வந்தால் டைட்டிலைக் கிளிக் செய்து பாரைப் பாருங்கள். செல் முகவரி இருந்தால் இணைப்பு இருக்கிறது. பார் காலியாக இருந்தால் யாரோ மேலே தட்டிவிட்டார்கள்.

சாட்ஸ்வர்த்_பொருளாளர்

இணைப்பு வந்துவிட்டது ஐயா, ரொம்ப நன்றி. டிராப்டவுனை மாற்றினால் டைட்டிலும் மாறுகிறது. ஆனால் வருவது "கோயில் செலவு – 45809". நான் தேர்ந்தெடுத்தது ஜூன் 2025. செல்லில் பார்த்தால் சரியாக ஜூன் என்றுதான் இருக்கிறது.

ஃபீனிக்ஸ்_தமிழ்_டீச்சர்

அக்கா, அது 2025 ஜூன் 1ஆம் தேதிதான். எக்செல் தேதியை உள்ளுக்குள் ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வருகிறது. செல்லில் நீங்கள் பார்க்கும் "ஜூன்" அந்த எண்ணின் மேல் போட்ட வேஷம். & போட்டு வேறு எழுத்தோடு ஒட்டும்போது வேஷம் கழன்று எண் மட்டும் வரும். டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷனைப் போடுங்கள்:

="கோயில் செலவு – "&டெக்ஸ்ட்(பி2;"எம்எம்எம்எம் ஒய்ஒய்ஒய்ஒய்")

நான்கு எம் என்றால் மாதத்தின் முழுப் பெயர், நான்கு ஒய் என்றால் நான்கு இலக்க ஆண்டு. மாதப் பெயர் தமிழில் வேண்டுமானால், மேற்கோளுக்குள் எம்களுக்கு முன்னால் சதுர அடைப்பு போட்டு, அதற்குள் டாலர் குறி, கழித்தல் குறி, 449 என்று சேர்த்து அடைப்பை மூடுங்கள். 449 தமிழுக்கான மொழி எண். ஜூன், ஜூலை என்று தமிழிலேயே வரும்.

இன்னொன்று கவனியுங்கள். ஃபங்ஷனுக்குள் கமா போடாமல் அரைப்புள்ளி போட்டிருக்கிறேன். நம் ஊர் அமைப்பில் உள்ள கணினிகளில் பெரும்பாலும் அதுதான் எடுக்கும். இந்தியாவிலிருந்து வரும் வீடியோவைப் பார்த்துக் கமா போட்டு எழுதினால் "ஃபார்முலாவில் பிழை" என்று நிற்கும். என் வகுப்புப் பெற்றோர்கள் சிலர் இதனாலேயே எக்செல் பக்கமே வர மாட்டேன் என்கிறார்கள்.

டொங்காட்_கணக்கர்

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டைட்டிலில் மாதம் மட்டும் போதும், வேறு எழுத்து வேண்டாம் என்றால் டெக்ஸ்ட் தேவையில்லை. டைட்டிலை நேராகத் தேதி செல்லோடு இணைத்தால், செல்லில் எப்படித் தெரிகிறதோ அப்படியே டைட்டிலிலும் வரும். ஒட்டும்போதுதான் டெக்ஸ்ட் வேண்டும்.

சாட்ஸ்வர்த்_பொருளாளர்

தமிழில் "ஜூன் 2025" வந்துவிட்டது. எண்ணையும் சேர்க்கலாம் என்று ஆசை வந்தது. மொத்தச் செலவு பி3இல் இருக்கிறது. கீழே இருப்பது போல எழுதினேன். சென்னையிலிருந்து மகன் கொண்டுவந்த லேப்டாப் என்பதால் இதில் கமாதான் எடுக்கிறது:

="கோயில் செலவு, மொத்தம் ரேண்ட் "&டெக்ஸ்ட்(பி3,"#,##0")

என் லேப்டாப்பில் "48,250" என்று அழகாக வந்தது. அதே ஃபைலைக் கோயில் அலுவலகக் கணினியில் திறந்தால் டைட்டிலில் "48250,000" என்று நிற்கிறது. செல்லில் 48 250 என்றே சரியாக இருக்கிறது. டைட்டிலில் மட்டும் இப்படி. செயலாளர் பார்த்துவிட்டு "நாலு கோடியே எண்பத்திரண்டு லட்சமா?" என்று கேட்டார். ஃபைலை யாரும் தொடவில்லை. எங்கே மாறியது?

லெனேசியா_கடை

அக்கா, ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் போங்கள். அங்கே "சிஸ்டம் செப்பரேட்டர்" என்ற டிக்கை எடுத்துவிட்டு, தசமத்துக்குப் புள்ளி, ஆயிரத்துக்குக் கமா என்று மாற்றிவிடுங்கள். நான் கடையில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

டொங்காட்_கணக்கர்

தம்பி, உங்கள் சொந்தக் கணினியில் அது சரி. கோயில் கணினியில் செய்யாதீர்கள் அம்மா. அந்த டிக் ஒரு ஃபைலுக்கு மட்டுமானது அல்ல, அந்தக் கணினியில் எக்செல்லில் திறக்கும் எல்லா ஃபைலுக்கும் சேர்த்துத்தான். வேறு ஒருவர் அங்கே நன்கொடைப் பட்டியலில் 12,50 என்று தட்டினால், அது சரியான எண்ணாக உள்ளே போகாது. அந்தப் பிழை உடனே கண்ணில் படாது. ஆண்டு முடிவில் ஆடிட்டர்தான் கண்டுபிடிப்பார்.

உங்கள் ஃபைலில் நடந்தது என்னவென்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தென்னாப்பிரிக்காவில் உள்ளவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் வரப்போகிற பிரச்சினை.

விண்டோஸில் "ஆங்கிலம், தென்னாப்பிரிக்கா" என்ற வட்டார அமைப்பில் தசமப் புள்ளிக்குப் பதில் கமாதான். ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி. அதாவது நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றைம்பது ரேண்டும் ஐம்பது சென்ட்டும் என்பதை 48 250,50 என்று காட்டும். இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா அமைப்புகளில் தசமத்துக்குப் புள்ளி, பிரிக்கக் கமா. உங்கள் லேப்டாப் சென்னையிலிருந்து வந்தது, அந்த அமைப்பு அப்படியே இருக்கிறது. கோயில் கணினி இங்கே வாங்கியது.

ஃபார்முலாவுக்குள் இருக்கும் கமா, அரைப்புள்ளி விஷயத்தில் எக்செல் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளும். உங்கள் லேப்டாப்பில் கமா போட்டு எழுதிய ஃபார்முலாவைக் கோயில் கணினியில் திறந்து பாருங்கள், அங்கே அரைப்புள்ளியாக நிற்கும். அது தானாக மாறிக்கொள்கிறது. ஆனால் மேற்கோள் குறிக்குள் இருப்பதை எக்செல் தொடாது. அதைப் பொறுத்தவரை அது வெறும் எழுத்து. "#,##0" அப்படியே கோயில் கணினிக்குப் போகிறது. அங்கே கமா என்றால் தசமம். ஆகவே "தசமத்துக்குப் பிறகு மூன்று இடம் காட்டு" என்று புரிந்துகொள்கிறது. 48250க்குப் பின்னால் கமா, மூன்று பூஜ்யம். கணக்கு ஒரு சென்ட்கூட மாறவில்லை. ஆனால் படிக்கிறவர் கண்ணுக்கு ஆயிரம் மடங்கு பெரிதாகத் தெரியும்.

மேற்கோளுக்குள் எதையும் எழுதாமல் விடுவதுதான் தீர்வு. ஃபிக்ஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. எண்ணை எழுத்தாக மாற்றும், ஆயிரத்தைப் பிரிக்கும், எந்தக் கணினியில் இருக்கிறதோ அந்த ஊர் வழக்கப்படி பிரிக்கும்:

="கோயில் செலவு, மொத்தம் ரேண்ட் "&ஃபிக்ஸ்ட்(பி3;0)

பூஜ்யம் என்றால் சென்ட் வேண்டாம், 2 போட்டால் சென்ட்டும் வரும். உங்கள் லேப்டாப்பில் 48,250 என்று வரும், கோயிலில் 48 250 என்று வரும். இரண்டிலும் படிக்கிறவருக்குப் பழக்கமான உருவம். (லேப்டாப்பில் எழுதும்போது அரைப்புள்ளிக்குப் பதில் கமா.) டாலர் என்ற ஃபங்ஷனும் இதே மாதிரிதான், அது அந்தக் கணினியின் நாணயக் குறியையும் சேர்த்துப் போடும். ஆனால் இந்திய அமைப்பில் திறந்தால் ரூபாய்க் குறி வந்து நிற்கும். ரேண்ட் கணக்குக்கு முன்னால் ரூபாய்க் குறி! ஆகவே "ரேண்ட்" என்பதைக் கையால் எழுதி, ஃபிக்ஸ்ட் போடுவதே பத்திரம்.

சாட்ஸ்வர்த்_பொருளாளர்

ஐயா, இப்போதுதான் விளங்குகிறது. செயலாளரிடம் இதையே படித்துக் காட்டினேன். ஃபிக்ஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சான்தெனி_புதுவைக்காரர்

ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன், நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். கணக்கர் ஐயா சொன்னது இங்கே இன்னும் ஒரு படி மேலே போகும். பிரெஞ்சு வட்டார அமைப்பில் ஆண்டுக்கு ஒய் கிடையாது, ஏ. பிரெஞ்சில் ஆண்டு என்பதற்கான சொல் ஏ எழுத்தில் தொடங்குகிறது, அதனால் நான்கு ஏ. நாளுக்கு டி இல்லை, ஜே. ஆங்கிலக் குறியில் எழுதிய ஃபைலை இங்கே திறந்தால் டைட்டிலில் "ஜூன்" சரியாக வரும், பக்கத்தில் 2025க்குப் பதில் நான்கு ஒய் எழுத்துகள் அப்படியே நிற்கும்.

எக்செல் எந்த மொழியில் இருக்கிறது என்பது இதைத் தீர்மானிப்பதில்லை, விண்டோஸின் வட்டார அமைப்புதான். ஆங்கில எக்செல்லை பிரெஞ்சு அமைப்பில் வைத்திருந்தாலும் நான்கு ஏதான் வேண்டும். ஃபங்ஷன் பெயர் மட்டும் எக்செல் மொழிப்படி மாறும், அதை எக்செல்லே மொழிபெயர்த்துக்கொள்ளும். இங்கும் மேற்கோளுக்குள் இருப்பதுதான் பிடிவாதமாக நிற்கிறது.

ஃபீனிக்ஸ்_தமிழ்_டீச்சர்

அப்படியானால் நான் முதலில் கொடுத்த டெக்ஸ்ட் வழியும் ஊருக்கு ஊர் மாறும். இதற்கு என் வகுப்பு மதிப்பெண் ஷீட்டில் நான் வைத்திருக்கும் வழியைச் சொல்கிறேன், இது எங்கே போனாலும் உடையாது.

ஒரு ஓரத்தில், எச்1 முதல் எச்12 வரை, பன்னிரண்டு மாதப் பெயர்களையும் தமிழில் தட்டிவிடுங்கள். பிறகு:

=இன்டெக்ஸ்($எச்$1:$எச்$12;மன்த்(பி2))&" "&இயர்(பி2)

மன்த் என்பது தேதியிலிருந்து மாத எண்ணை எடுக்கும், ஜூன் என்றால் 6. இன்டெக்ஸ் பட்டியலில் ஆறாவது பெயரைக் கொடுக்கும். இயர் ஆண்டைக் கொடுக்கும். மேற்கோளுக்குள் வெறும் இடைவெளிதான் இருக்கிறது, எந்தக் கணினியும் அதைத் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது. மாதப் பெயரை உங்கள் விருப்பப்படி எழுதலாம், "ஆகஸ்ட்" என்றோ "ஓகஸ்ட்" என்றோ.

அக்கா, கோயில் ஃபைல் என்பதால் கேட்காமலே சொல்கிறேன். இந்தப் பட்டியலில் தை, மாசி என்று தமிழ் மாதங்களை வைத்துவிடாதீர்கள். ஆடி ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. மன்த் கொடுக்கும் எண்ணை வைத்து ஆடியைப் பிடிக்க முடியாது. ஆடிக் கூழ் நன்கொடைக்குத் தனி சார்ட் என்றீர்களே, அதற்குப் பக்கத்து நெடுவரிசையில் "ஆடி 2025" என்று நீங்களே தட்டி வைத்து, டைட்டில் அந்த செல்லைப் பார்க்கட்டும். எல்லாவற்றையும் ஃபார்முலாவால் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை.

சாட்ஸ்வர்த்_பொருளாளர்

டீச்சர், ரொம்ப நல்ல வேளை சொன்னீர்கள், அதைத்தான் செய்யப் போனேன்.

இன்னும் இரண்டு கேள்வி. டைட்டில் நீளமாகிவிட்டது, இரண்டு வரியாக வேண்டும். முதல் வரி பெரிதாக, மொத்தத் தொகை கீழே சின்னதாக இருந்தால் நன்றாக இருக்கும். அப்புறம், எங்கள் கணக்கு ஆண்டு மார்ச்சில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகிறது. அதையும் டைட்டிலில் சேர்க்க முடியுமா?

டொங்காட்_கணக்கர்

வரி பிரிக்க, ஃபார்முலாவில் பிரிய வேண்டிய இடத்தில் &சார்(10)& என்று சேருங்கள் (சார் என்பது ஆங்கிலத்தில் சி-எச்-ஏ-ஆர்). செல்லில் ஒரே வரியாகத் தெரிந்தாலும் டைட்டிலில் இரண்டு வரியாகும்.

பெரிது, சிறிது என்று பிரிப்பது இணைக்கப்பட்ட டைட்டிலில் நடக்காது. முழு டைட்டிலுக்கும் ஒரே அளவு, ஒரே நிறம்தான். ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக்கவும் விடாது. இதற்கு நான் செய்வது: முதலில் சார்ட்டைக் கிளிக் செய்து தேர்ந்தெடுத்துக்கொண்டு, பிறகு இன்சர்ட் போய் டெக்ஸ்ட் பாக்ஸ் போடுகிறேன். சார்ட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு போட்டால்தான் அது சார்ட்டுக்குள் உட்காரும், சார்ட்டை நகர்த்தினால் கூடவே வரும். அந்தப் பெட்டியின் ஓரத்தைக் கிளிக் செய்து, டைட்டிலுக்குச் செய்தது போலவே பாரில் சமக்குறி போட்டு, தொகை இருக்கும் வேறு ஒரு செல்லைக் காட்டுங்கள். பெட்டியின் எழுத்தைச் சிறிதாக்கினால் நீங்கள் கேட்ட உருவம் வந்துவிடும். அச்சுகளின் தலைப்புகளையும் இதே வழியில் இணைக்கலாம்.

நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு. செல்லோடு இணைத்த டைட்டில் 255 எழுத்துக்கு மேல் காட்டாது. தமிழில் இது நினைப்பதைவிட சீக்கிரம் வரும். "கோயில்" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எக்செல் எழுத்தோடு சேரும் உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றையும் தனியாக எண்ணி ஆறு என்று சொல்லும். நன்கொடையாளர் பெயரை எல்லாம் டைட்டிலில் போட நினைக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு ஆண்டுக்கு, தேதியை இரண்டு மாதம் பின்னால் தள்ளிவிட்டு ஆண்டை எடுங்கள்:

=இயர்(இடேட்(பி2;-2))

மார்ச் 2025ஐ இரண்டு மாதம் தள்ளினால் ஜனவரி 2025, ஆண்டு 2025. பிப்ரவரி 2026ஐத் தள்ளினால் டிசம்பர் 2025, அதுவும் 2025. பன்னிரண்டு மாதமும் ஒரே எண்ணில் விழுகிறது, இஃப் (நிபந்தனை ஃபங்ஷன்) எதுவும் வேண்டாம். இந்த எண்ணைத் தனியாகப் போடாமல், பக்கத்தில் ஒன்று கூட்டிய எண்ணையும் சேர்த்து "2025/2026" என்று காட்டுங்கள். இங்கே வரி ஆண்டை அது முடிகிற ஆண்டின் பெயரால் சொல்வது வழக்கம், ஆகவே ஒற்றை எண் போட்டால் கூட்டத்தில் பாதிப் பேர் ஒன்றும் மீதிப் பேர் வேறொன்றும் நினைப்பார்கள்.

லெனேசியா_கடை

எனக்கும் ஒரு கேள்வி. கடையின் விற்பனைக்கு பிவட் சார்ட் (பட்டியலைத் தொகுத்துக் காட்டும் சார்ட்) வைத்திருக்கிறேன். மேலே ஃபில்டரில் கிளையைத் தேர்ந்தெடுக்கிறேன். டைட்டிலை ஃபில்டர் செல்லோடு இணைத்துவிட்டேன், மாறுகிறது. ஆனால் எல்லாக் கிளையும் தேர்ந்தெடுத்தால் டைட்டிலில் "ஆல்" என்று அடைப்புக்குள் வருகிறது. கூடவே, டைட்டிலில் இன்றைய தேதி வர டுடே போட்டிருக்கிறேன், அது சரிதானே?

டொங்காட்_கணக்கர்

ஃபில்டருக்கும் டைட்டிலுக்கும் நடுவில் ஒரு செல் வையுங்கள் தம்பி. ஃபில்டர் செல்லில் அடைப்போடு "ஆல்" இருந்தால் "எல்லாக் கிளைகளும்" என்று காட்டு, இல்லையென்றால் அதில் இருப்பதையே காட்டு என்று ஓர் இஃப். இரண்டு மூன்று கிளைகளை மட்டும் டிக் செய்தால் எக்செல் பெயர்களைச் சொல்லாது, "பல உருப்படிகள்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் போடும். அதற்கும் ஓர் இஃப் சேர்த்து "தேர்ந்தெடுத்த கிளைகள்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டுடேவை தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது ஃபைலைத் திறக்கும் நாளைக் காட்டும். தகவல் எந்த நாள் வரைக்கும் என்று காட்டாது. மார்ச் மாத ஷீட்டை அடுத்த வருஷம் திறந்தாலும் அன்றைய தேதியே டைட்டிலில் நிற்கும், பழைய விற்பனை புதிய விற்பனை போலத் தெரியும். கரும்புக் கணக்கில் நான் எப்போதும் தேதி நெடுவரிசையின் மின் (முதல் தேதி), மேக்ஸ் (கடைசித் தேதி) இரண்டையும்தான் எடுப்பேன். இங்கே அரைவைப் பருவம் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை போகும். லாரி ஆலைக்குப் போன முதல் நாளும் கடைசியாகப் பதிந்த நாளும் டைட்டிலில் இருந்தால், இரண்டு வாரமாக யாரும் பதியவில்லை என்பதுகூட டைட்டிலைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். டுடே போட்டால் அது தெரியாமலே போய்விடும்.

மாரிட்ஸ்பர்க்_தங்கை

எல்லாம் எக்செல்லுக்குச் சொல்கிறீர்கள். எங்கள் இளைஞர் குழு கூகுள் ஷீட்ஸில் வேலை செய்கிறது. அங்கே டைட்டிலில் சமக்குறி போட்டால் சமக்குறியே தெரிகிறது.

ஃபீனிக்ஸ்_தமிழ்_டீச்சர்

அங்கே இந்த மாதிரி நேராக இணைக்க முடியாது தங்கச்சி. சுலபமான வழி: சார்ட்டின் டைட்டிலைக் காலியாக விடுங்கள். சார்ட்டுக்கு நேர் மேலே உள்ள செல்களை ஒன்றாகச் சேர்த்து, பெரிய எழுத்தில், அதில் ஃபார்முலா வையுங்கள். ஷீட்டைப் பார்க்கிறவர்களுக்கு அதுதான் டைட்டில். சார்ட்டை மட்டும் படமாக இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தச் செல் கூட வராது, அது ஒரு குறைதான். அப்படி அனுப்புவதானால் தலைப்பை சீரிஸ் பெயரில் வையுங்கள், நெடுவரிசைத் தலைப்பில் ஃபார்முலா வைத்தால் லெஜண்டில் (எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற குறிப்பில்) அது மாறும். ஸ்கிரிப்ட் எழுதியும் டைட்டிலை மாற்றலாம், ஆனால் எழுதியவர் ஊர் மாறிப் போனால் குழுவில் யார் அதைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

சாட்ஸ்வர்த்_பொருளாளர்

எல்லோருக்கும் நன்றி. இப்போது பி1இல் இருப்பது இது, கோயில் கணினியில் எழுதியது:

="கோயில் செலவு – "&இன்டெக்ஸ்($எச்$1:$எச்$12;மன்த்(பி2))&" "&இயர்(பி2)&சார்(10)&"மொத்தம் ரேண்ட் "&ஃபிக்ஸ்ட்(பி3;0)

அலுவலகக் கணினியில் முதல் வரியில் "கோயில் செலவு – ஜூன் 2025", இரண்டாவது வரியில் "மொத்தம் ரேண்ட் 48 250". என் லேப்டாப்பில் 48,250. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் செயலாளரிடம் காட்டினேன். சின்ன எழுத்துப் பெட்டி பிறகு செய்கிறேன், இப்போதைக்கு ஒரே அளவு போதும்.

கடைசியாக ஒன்று. மண்டப வாடகைக்கு இதே சார்ட்டைக் காப்பி எடுத்து வேறு ஷீட்டில் ஒட்டினேன். அங்கேயும் "கோயில் செலவு" என்றே வருகிறது. அலுவலகக் கணினியில் சில சமயம் மாதத்தை மாற்றினாலும் எதுவும் அசையாமல் அப்படியே நிற்கிறது.

டொங்காட்_கணக்கர்

சார்ட்டை மட்டும் காப்பி எடுத்து ஒட்டினால் அது பழைய ஷீட்டின் செல்லையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒட்டிய பிறகு டைட்டிலைக் கிளிக் செய்து, பாரில் ஷீட் பெயரைப் பார்த்து, புதிய ஷீட்டின் பி1ஐக் காட்டுங்கள். பார்களின் எண்களும் பழைய ஷீட்டிலிருந்தே வரும், அதையும் மாற்ற வேண்டும். டைட்டிலை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை விட்டுவிட்டால் மண்டப வாடகை என்ற பெயரில் பூவும் டீசலும் நிற்கும், அது பழைய பிரச்சினையைவிட மோசம். ஷீட்டையே முழுதாகக் காப்பி எடுத்து உள்ளே இருக்கும் எண்களை மாற்றுவது இன்னும் சுத்தமான வழி. அப்போதும் பாரில் ஷீட் பெயரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அசையாமல் நிற்பதற்கு: ஃபார்முலாஸ் டேபில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் பாருங்கள். மேனுவல் என்று இருந்தால் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். அவசரத்துக்கு எஃப்9 தட்டினாலும் கணக்குப் போடும். சில சமயம் மட்டும் வருவதற்குக் காரணம், அன்று முதலில் திறக்கும் ஃபைல் மேனுவலில் சேமிக்கப்பட்டிருந்தால் அதன் பிறகு திறக்கிற எல்லா ஃபைலும் அதையே பின்பற்றும். அலுவலகத்தில் எந்த ஃபைலை முதலில் திறக்கிறார்கள் என்று கேட்டு, அதைத் திறந்து ஆட்டோமேட்டிக்கில் சேமித்து வையுங்கள்.

சாட்ஸ்வர்த்_பொருளாளர்

நன்கொடையாளர் பட்டியல் ஃபைல்தான் ஐயா, அது மேனுவலில் இருந்தது. மாற்றிச் சேமித்துவிட்டேன், செலவு ஃபைல் இப்போது உடனே மாறுகிறது. மண்டப வாடகைக்கு ஷீட்டை முழுதாகவே காப்பி எடுத்து, பாரில் பெயரையும் பார்த்துக்கொண்டேன்.